கிணறு உண்டு, தண்ணீர் இல்லை: கலஹாரி ஓரத்தில் ஏழு நாள்

அம்மா உடன்குடியிலிருந்து எங்களிடம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தென்னாப்பிரிக்காவில், ஜோஹானஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் எங்கள் வீட்டைச் சுற்றி மதில்சுவர், அதன்மேல் மின்வேலி. பக்கத்து வீட்டுக்காரர்களைக் காருக்குள் பார்த்துக் கையசைப்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மெல்ரோஸ் சிவசுப்பிரமணியர் கோவில், மற்ற நாளெல்லாம் டி.வி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு மூடிய கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை. பெரியவளுக்கு வயது 12, ஆளொழிந்த ஊர்கள் மேல் பைத்தியம். சின்னவனுக்கு 8, எங்கேயோ மணல் உறுமுகிறது என்று கேள்விப்பட்டுவிட்டான். கணவருக்கு எந்தச் சாக்கிலாவது நீளமாக வண்டி ஓட்ட வேண்டும். இப்படித்தான் ஜோஹானஸ்பர்கிலிருந்து மேற்கே, வடக்கு கேப் மாகாணத்தை ஒரு சுற்று சுற்றிவருவது என்று முடிவானது. 2,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஆறு இரவு. முதலில் நான்கு இரவு என்றுதான் போட்டிருந்தோம். எழுபது தாண்டிய அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதால் இரண்டு இரவைக் கூட்டினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த நல்ல காரியம் அதுதான்.

முதல் நாள் என்12 சாலையில் கிம்பர்லி, கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். மக்காச்சோளக் கட்டைகளும் தானியக் குதிர்களுமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊருக்கு முன்னால் காம்ஃபர்ஸ் டாம் ஏரியில் தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள். நாங்கள் சேர்ந்தபோது, 'பிக் ஹோல்' என்கிற பெரிய வைரச் சுரங்கப் பள்ளத்தின் அருங்காட்சியகத்தை மூடிவிட்டார்கள். மறுநாள் காலை முதல் ஆளாகப் போனோம்.

அந்தப் பள்ளத்தைப் படத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளிம்பிலிருந்து நீட்டியிருக்கும் மேடையில் நின்று குனிந்து பார்க்க வேண்டும். 1871-இல் தொடங்கி 1914 வரை வைரத்துக்காகத் தோண்டியது. கடப்பாரையும் மண்வெட்டியும் பிடித்த ஆயிரக்கணக்கான கைகள் 240 மீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கின்றன. கிடைத்த வைரம் 2,720 கிலோ, அதற்காக வெளியே கொட்டிய மண் 2 கோடி டன்னுக்கும் மேல். இப்போது அடியில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. சுற்றிலும் அந்தக் காலத்துக் கடைகள், மதுக்கடை, சவப்பெட்டிக் கடை எல்லாவற்றையும் தெருவாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெரியவள் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்தாள். அம்மா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"இத்தனை பேர் வந்து தோண்டுனாங்களே, குடிக்கத் தண்ணிக்கு என்னட்டி பண்ணினாங்க?"

எனக்குத் தெரியவில்லை. உள்ளே காட்சிப் பலகைகளைப் படித்தபின்தான், ஆரம்ப நாட்களில் அங்கே தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தார்கள் என்று தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். அதற்கப்புறம் போன இடமெல்லாம் இதே கேள்வியைக் கேட்டாள். இரண்டாம் நாளிலிருந்து பிள்ளைகளே ஆச்சியை முந்திக்கொண்டு பதிலைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

கிம்பர்லியிலிருந்து என்8 சாலையில் திரும்பியதும் உலகம் மாறுகிறது. எதிரே வண்டி வருவதே அபூர்வம். வந்தால் ஓட்டுபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார். முதலில் புரியாமல் விழித்த கணவர், அப்புறம் தானும் விரலைத் தூக்க ஆரம்பித்தார். இந்தச் சாலையில் ஒரு விதியை நாங்கள் வைத்துக்கொண்டோம்: டேங்க் பாதிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. பெட்ரோல் பங்கைப் பார்த்தால், தேவை இருக்கிறதோ இல்லையோ, நிரப்பிவிட வேண்டும். வரைபடத்தில் ஊர் என்று பெயர் போட்டிருப்பதை நம்பி "அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம்" என்று நினைக்கவே கூடாது. பெயர் இருக்கும், ஊர் இருக்காது. கையில் ரொக்கமும் வேண்டும், எல்லா இடத்திலும் கார்டு எந்திரம் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கிற மாதிரி முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. சிக்னல் பாதி நாள் கிடையாது.

விட்சான்ட் இயற்கைக் காப்பகத்துக்குள் நுழைந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கலஹாரிப் பாலைவனத்து மணல் சிவப்பு, நல்ல செங்கல் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு நடுவில் திடீரென்று வெள்ளை மணல் மேடுகள் எழும்பி நிற்கின்றன. அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, சிவப்பு மணலில் காலை வைத்தாள்.

"நம்ம தேரிதானே இது!"

உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரி என்று செம்மணல் காடு இருக்கிறது. காற்று மேட்டை இடம் மாற்றும், நேற்று இருந்த தடம் இன்று இருக்காது. அம்மா சின்ன வயதில் அந்த மணலில் நடந்து பள்ளிக்கூடம் போனவள். இரும்புத் துரு மணல்துகளைப் பூசியிருப்பதால் வரும் நிறம் இது, அங்கேயும் சரி, இங்கேயும் சரி.

அப்படியானால் விட்சான்ட் மட்டும் ஏன் வெள்ளை? தங்குமிடத்தில் இருந்த பணியாளர் விளக்கினார். இந்த மேடுகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறதாம். அது காலங்காலமாக மணலின் துருவைக் கழுவிக் கழுவி வெளுத்துவிட்டது. நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டு மாதமாக நான் பார்க்காத முகம் அது.

இரவு குளிர் எலும்பைத் தொட்டது. பகலில் வேர்த்ததே என்று ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிடாதீர்கள். நாங்கள் எடுத்தது சமையலறையோடு கூடிய சின்னக் குடில். இந்தப் பக்கம் வரும் சைவக்காரர்களுக்கு அதுதான் வழி. சின்ன ஊர்ச் சாப்பாட்டுக்கடைகளில் இறைச்சியை விட்டால் சிப்ஸும் சீஸ் டோஸ்டும்தான். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஒரு சின்ன ரைஸ் குக்கர், இருந்தால் போதும். வழியில் கரி நெருப்பில் சுட்டுக் கொடுக்கும் ரூஸ்டர்கூக் ரொட்டியை மட்டும் விடாதீர்கள். அம்மா அதைப் பிட்டு இட்லிப்பொடி தொட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் முழுக்க மணல்தான். உறுமும் மணல் என்பது கதை இல்லை. ஒரே அளவான துகள்கள் நன்றாக உலர்ந்திருக்கும்போது, மேட்டின் சரிவில் உட்கார்ந்து வழுக்கினால், துகளோடு துகள் உரசி அடிவயிற்றில் அதிர்கிற மாதிரி ஒரு சத்தம் கிளம்புகிறது. தூரத்தில் விமானம் போவது போலிருந்தது. காலையில் சின்னவன் எத்தனை முறை வழுக்கியும் மணல் வாயைத் திறக்கவில்லை. அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். மதியத்துக்கு மேல் வெயிலில் மணல் காய்ந்தபின் மறுபடி ஏறினோம், உறுமியது! மழை பெய்த மறுநாள் போனால் கேட்காது என்றார்கள். அதனால் விட்சான்டுக்கு ஒரு முழு நாளையும் ஒதுக்குங்கள்.

நான்காம் நாள்தான் இந்தப் பயணத்தின் நடுவயிறு. குரோப்ளர்ஸ்ஹூப்பில் டேங்கையும் தண்ணீர்க் கேன்களையும் நிரப்பிக்கொண்டு, மேரிடேலில் தார்ச்சாலையை விட்டு ஆர்383 என்ற சரளைச் சாலையில் இறங்கினோம். ஆளுக்கு ஐந்து லிட்டர் கணக்கில் தண்ணீர் வைத்திருந்தோம். இறங்குமுன் டயர் காற்றை 2.2-லிருந்து 1.8 பாராகக் குறைத்தார் கணவர். வேகம் 60. இதில் அவசரப்பட்டால், முக்கியமாக வளைவில், வண்டி சறுக்கிக்கொண்டு போய்விடும்.

புட்சொண்டர்வாட்டர். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் "தண்ணீர் இல்லாத கிணறு" என்று அர்த்தம். ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் இங்கே கிணறு வெட்டி வைத்திருந்த ஒருவர், மாட்டு வண்டிகளோடு வந்து தண்ணீர் கேட்கிறவர்களிடமெல்லாம் "கிணறுதான் இருக்கிறது, தண்ணீர் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். இருந்ததைக் கொடுத்தால் தனக்கு இல்லாமல் போகும் என்ற பயம். "பாவம், அவன் சொன்னதிலும் ஞாயம் இருக்கு" என்றாள் அம்மா.

ரயில் நிலையம், நடைமேடை, ஊழியர் வீடுகள். கூரை போய்விட்டது, ஜன்னல் சட்டம்கூட இல்லை. சுவரில் யார் யாரோ பெயர் எழுதியிருக்கிறார்கள். காற்று ஒரு தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. பெரியவள் ஓடி ஓடிப் படம் எடுத்தாள். நான் கூப்பிட்டு நிறுத்தினேன். இப்படிப்பட்ட கட்டடங்களில் தலைக்கு மேல் எது தொங்குகிறது, காலடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் பிள்ளைகளை உள்ளே விடக் கூடாது. கண்ணாடித் துண்டு, ஆணி, கல்லிடுக்கில் பாம்பு, தேள். மூடிய காலணி கட்டாயம். எதையும் எடுத்து வரவும் கூடாது, ஒரு செங்கல் துண்டைக்கூட.

அம்மா நடைமேடையில் நின்று சொன்னாள்: "தனுஷ்கோடி ஸ்டேஷன் மாதிரியே இருக்கு. அங்க தண்ணி வந்து ஊரைக் கொண்டுபோச்சு. இங்க தண்ணி இல்லாம போச்சோ?"

1964 டிசம்பர் புயலில் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனபோது அம்மா சிறுமி. பிற்பாடு ராமேஸ்வரம் போனபோது அந்த இடிபாட்டை என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். ஆனால் இங்கே நடந்தது வேறு என்று நினைக்கிறேன். தண்ணீர் இல்லாத ஊர் என்று பெயர் வைத்துக்கொண்டே இந்த ஊர் பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கிறது. ரயில் வந்தது, ரயிலோடு வேலை வந்தது, வேலையோடு பள்ளிக்கூடம் வந்தது. சரக்கெல்லாம் லாரிக்கு மாறி, ரயில்வேக்கு இங்கே ஆள் தேவைப்படாமல் போனபோதுதான் ஊர் காலியானது. தாகத்தைத் தாங்கிய ஊர் வேலை இல்லாமல் போனதைத் தாங்கவில்லை. இதைப் பெரியவளிடம் சொன்னேன். அவள் கேமராவை இறக்கிவிட்டு, ஒரு வீட்டுச் சமையலறைச் சுவரில் இருந்த புகைக்கறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து கென்ஹார்ட் நோக்கிக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பின் டயரில் ஆணி. மாற்றுச் சக்கரத்தை எடுத்தால், அது தார்ச்சாலையில் பக்கத்து ஊர் வரை போகத்தான் லாயக்கான மெல்லிய தற்காலிகச் சக்கரம். வண்டி வாங்கி நான்கு வருஷம், அதை ஒருமுறைகூட வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. இந்தச் சரளையில் அதைப் போட்டு எப்படிப் போவது? சிக்னலும் இல்லை. கணவர் முகம் வெளிறிவிட்டது. "அத்தை, நீங்க உள்ளயே இருங்க, வெயில் கொளுத்துது" என்றார். "இருக்கட்டும் மாப்ளே" என்று அம்மா இறங்கி, வண்டி நிழலில் பிள்ளைகளை உட்கார வைத்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் புழுதி தெரிந்தது. 'பக்கி' என்று இங்கே சொல்கிற பிக்கப் வண்டியில் ஒரு பெரியவர், பக்கத்துப் பண்ணைக்காரர். இறங்கியதும் எங்களைப் பார்க்கவில்லை, நேரே அம்மாவிடம் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு, "தண்ணி?" என்றார். அதற்கு மேல் சொன்னதெல்லாம் ஆஃப்ரிகான்ஸ். அம்மா சட்டென்று குளிர்பெட்டியைத் திறந்து தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டாள்! அவரும் ஒரு நொடி திகைத்து, வாங்கி, மடக்கு மடக்கென்று குடித்தார். ஆஃப்ரிகான்ஸில் வயதில் மூத்த பெண்களை மரியாதையாக 'தண்ணி' என்றுதான் கூப்பிடுவார்கள், நம் அத்தை, பெரியம்மா மாதிரி. "சுகமா இருக்கீங்களா, பெரியம்மா" என்று அவர் விசாரித்திருக்கிறார். தாகமெடுத்த மனுஷன் தமிழில் தண்ணீர் கேட்டதாக அம்மா எடுத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்ததும் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆங்கிலத்தில் சொன்னார்: இந்தப் பக்கத்தில் கேட்காமல் தண்ணீர் கொடுக்கிறவர் யாரும் அந்நியர் இல்லை.

அவரிடம் பஞ்சர் ஒட்டும் கிட் இருந்தது. ஆணியைப் பிடுங்கி, பசை தடவிய கயிற்றை ஓட்டையில் திணித்து, வண்டி பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸரால் காற்றடித்தார். இருபது நிமிஷம். பணம் வாங்க மாட்டேன் என்றார். அம்மா பையைத் துழாவி, ஊரிலிருந்து கொண்டுவந்த உடன்குடிக் கருப்பட்டியில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவர் முகர்ந்து பார்த்து, ஒரு ஓரத்தைக் கடித்து, "இது எந்த மரம்?" என்று கேட்டார். பனை என்று விளக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆனது.

ஊர் திரும்பியதும் நான் முதலில் வாங்கியவை: முழு அளவு மாற்றுச் சக்கரம், அந்தக் கிட், கம்ப்ரஸர். மூன்றும் இல்லாமல் சரளைச் சாலையில் இறங்காதீர்கள். எங்களுக்கு ஒருவர் வந்தார், எல்லோருக்கும் வருவார் என்று சொல்ல முடியாது.

அந்தத் தாமதத்தால் ஒரு இடத்தை விட்டோம். கென்ஹார்டுக்குத் தெற்கே வெர்னூக் பான் என்று பெரிய உப்புத்தரை இருக்கிறது. 1929-இல் மால்கம் கேம்ப்பெல் உலக வேகச் சாதனைக்காகத் தன் காரை அங்கேதான் கொண்டுவந்து ஓட்டினார். வெர்னூக் என்றால் ஏமாற்று. கானல் நீரைக் காட்டி ஏமாற்றுகிற தரை. கணவருக்கு அதைப் பார்க்க ரொம்ப ஆசை. ஆனால் அந்தி சாய்ந்தபின் இந்தச் சாலைகளில் ஓட்டுவது ஆபத்து. கூடு என்னும் பெரிய மான் இருட்டில் குறுக்கே பாய்ந்தால் வண்டியும் இல்லை, நாமும் இல்லை. ஆறு மணிக்குள் தங்குமிடம் என்பதை ஏழு நாளும் மீறவில்லை. கென்ஹார்ட் பக்கம் கோக்கர்பூம் மரங்களை மட்டும் பார்த்தோம். மரம் போலிருந்தாலும் அது கற்றாழை இனம். இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான சான் மக்கள் இதன் கிளையைக் குடைந்து அம்பறாத்தூணி செய்தார்கள். சின்னவன் ஆச்சியை முந்திக்கொண்டு சொன்னான்: "ஆச்சி, இது தண்ணியைத் தண்டுக்குள்ளயே வச்சிருக்கும்!"

ஐந்தாம் நாள் ஆக்ராபீஸ் அருவி. 56 மீட்டர் ஆழத்துக்கு ஆரஞ்சு நதி பாறைப் பிளவில் விழுகிறது. அழகுதான், ஆனால் அம்மாவுக்கு ககாமாஸ்தான் பிடித்தது. வாய்க்கால் ஓரத்தில் பெரிய நீர்ச்சக்கரங்கள், ஓடுகிற தண்ணீரே சக்கரத்தைச் சுற்றித் தன்னையே மேலே ஏற்றிக்கொள்கிறது. "எங்கய்யா கமலைக்கு மாடு பூட்டிப் பாடுபடுவாரு. இங்க மாடே இல்லாம இறைக்குதே" என்று அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் நாங்கள் அவளை எழுப்பவில்லை.

என்14 சாலையோரத் தந்திக் கம்பங்களில் வைக்கோல் போர் ஏறி உட்கார்ந்த மாதிரி தெரிவதெல்லாம் சமூக நெசவுக்குருவிகளின் கூடு. நம் தூக்கணாங்குருவிக்குச் சொந்தம்தான். ஆனால் இது தனிக்குடித்தனம் இல்லை, நூற்றுக்கணக்கான குருவிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே கூரையின் கீழ். குடிக்கத் தண்ணீர் தேடுவதில்லை, தின்கிற பூச்சியிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. வண்டியை நிறுத்தினால் சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள், லாரிகள் அங்கே பறக்கும். அப்பிங்டனில் போலீஸ் நிலையத்தின் முன் ஒட்டகச் சிலை இருக்கிறது. பாலைவனத்தில் ஒட்டகத்தில் ரோந்து போன போலீஸாருக்கான நினைவு. சின்னவனுக்கு அதோடு ஒரு படம்.

கடைசி இரவு குருமான். ஊர் நடுவில் ஒரு சின்னப் பூங்கா, அதற்குள் 'கண்' என்று சொல்கிற ஊற்று. சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 2 கோடி லிட்டர் தண்ணீர். அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் அதன்மேல் நீந்தும் மீனும் தெரிகிற தெளிவு. த்ஸ்வானா மொழியில் இதன் பெயருக்குச் சின்னச் சுரைக்குடுவை என்று பொருளாம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கரையில் குனிந்து, கையில் கொஞ்சம் அள்ளி நெற்றியில் தடவிக்கொண்டாள். மேலப்புதுக்குடியில் தேரி மணலுக்கு நடுவில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில் சுனை இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குப் போனால் அம்மா அங்கேயும் இப்படித்தான் செய்வாள்.

அன்றிரவு சிக்னல் கிடைத்ததும் உடன்குடிக்குச் சித்தியைக் கூப்பிட்டாள். வைரப் பள்ளத்தைச் சொல்லவில்லை, அருவியைச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த எனக்குக் கேட்டது: "இங்கயும் தேரி இருக்குட்டி. பனைதான் இல்ல."